ஐம்பது மார்க் காலண்டர்

ஒன்றைச் செய்தவன் முகத்துக்கு நேரே அதில் குறை சொல்வது கம்பம் பள்ளத்தாக்கில் வழக்கமில்லை. கல்யாணச் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் பந்தியில் "பிரமாதம்" என்போம். உப்பைப் பற்றிய பேச்சு பஸ் ஏறிய பிறகுதான்.

இந்த ஊர் நடப்பு தெரியாதவர்கள் வகுத்த முறைதான் 'யூசபிலிட்டி டெஸ்டிங்'. செய்த பொருளை நாலு பேர் கையில் கொடுத்து, எங்கே முழிக்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். ஐந்து பேர் போதும், 85 சதவீதக் குறைகள் வெளியே வந்துவிடும் என்று 2000-இல் எழுதிவைத்தார் ஜேக்கப் நீல்சன்.

என் அக்கா மகன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். கல்லூரி மாணவர்களுக்கென்று அவன் செய்த செல்போன் காலண்டருக்குச் சோதனைக்கூடம், சின்னமனூரில் எங்கள் வீட்டு வராந்தா. ஜூனியர் பிள்ளைகள் ஐந்து பேரைக் கூட்டிவந்திருந்தான். குறிப்பெழுதும் வேலை எனக்கு.

"மாமா, யாரும் உதவக் கூடாது. அவங்க மனசுல நினைக்கிறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யணும்" என்றான். 1982-இல் ஐ.பி.எம்.மில் கிளேட்டன் லூயிஸ் கொண்டுவந்த முறையாம். லூயிஸுக்கு என் அம்மாவைத் தெரியாது.

முதல் பையன் உத்தமபாளையம். இன்டர்னல் டெஸ்ட் தேதியைக் குறிக்கச் சொன்னோம். எங்கே தொடுவதென்று தெரியாமல் திரையையே பார்த்தான். நாங்களும் விதிப்படி அவனையே பார்த்தோம். தட்டில் பன்னீர் திராட்சையோடு வந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "புள்ள முழிக்குதுல்ல, கல்லு மாதிரி உக்காந்திருக்கீக! சாமி, கீழ கூட்டல் குறி இருக்கு பாரு, அத அமுக்கு." மற்ற நால்வரும் வந்ததும் வராததுமாகக் கூட்டல் குறியை அமுக்கினார்கள். 'கூட்டல் குறி: குறையில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

வாய்விட்டு நினைப்பதும் நடந்தது. திராட்சை கொடுத்த பாட்டி எதிரே உட்கார்ந்திருக்க, ஐந்து பேரும் ஒன்றையே நினைத்தார்கள்: "நல்லாருக்கு... ரொம்ப நல்லாருக்கு..."

கூடலூர்ப் பெண்ணுக்குத் திருவிழாவைக் குறிக்கும் வேலை. அவள் ஊருக்கு மேலே மலையில் இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் ஜனங்கள் போக முடியும். 'தினமும், வாரம்தோறும், மாதம்தோறும், ஆண்டுதோறும்' என்று நாலு வழி வைத்திருந்தான் மருமகன். நிலா எதற்கும் கட்டுப்படவில்லை. அவள் எழுந்துபோய், சுவரில் தொங்கிய சிவகாசி தினசரி காலண்டரைப் புரட்டித் தேதியைக் கண்டுபிடித்துப் பதிந்தாள். "அடுத்த வருஷத்துக்கு?" என்று கேட்டேன். "அடுத்த வருஷக் காலண்டர் வாங்குவீங்கல்ல, சார்? ஆப் நல்லாருக்கு." 'பயனர் சுவரைப் பயன்படுத்தினார்' என்று குறித்தேன்.

கடைசியாக அவனுடைய செல்ல வசதி: காலண்டரை வீட்டாரோடு பகிர்தல். ஐந்து கட்டைவிரல்களும் அந்தரத்தில் நின்றன. ஒன்றும் இறங்கவில்லை. ஆனாலும் நல்லாருக்கு.

பிறகு 10 கேள்விகள் கொண்ட தாள். 1986-இல் ஜான் புரூக் உருவாக்கியது. ஒற்றைப்படைக் கேள்விகள் புகழும், இரட்டைப்படைக் கேள்விகள் குறை சொல்லும். நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். 'எளிதாக இருக்கிறது' என்பதற்கும் முழுச் சம்மதம், 'தேவையில்லாத சிக்கல்' என்பதற்கும் முழுச் சம்மதம்.

பஸ் ஏற்றிவிடப் போன இடத்தில்தான் பாக்கி 85 சதவீதமும் வந்தது. "சார், காலியா இருக்கிற நேரம் வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? ஏலக்காய்க் கடையில உக்கார வச்சிருவாய்ங்க" என்றான் போடிப் பையன். அவர்களுக்கு வேண்டியது வேலையை நினைவூட்டும் காலண்டர் இல்லையாம். வேலை இருப்பதாக வீட்டை நம்பவைக்கும் காலண்டராம்.

திரும்பி வந்தால் மருமகன் குதித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகத் தலையாட்டினால் புகழும் குறையும் அடிபட்டுப்போய், புரூக் கணக்கில் சரியாக 50 வரும். உலகச் சராசரி 68 என்று சொல்லிப் பார்த்தேன். "அண்ணா யுனிவர்சிட்டில 50 பாஸ், மாமா!"

போடிப் பையன் சொன்னதையும் அவனிடம் சொன்னேன். புதுப் பதிப்பில் காலி நேரமெல்லாம் தானாகவே 'ஸ்பெஷல் கிளாஸ்' ஆகிவிடுகிறது. முதல் வேலையாக, தன் காலண்டரைத் தன் அம்மாவுக்குப் பகிர்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் பாடம் நடத்தும் கல்லூரி கிடைத்ததில் என் அக்காவுக்கு ஒரே பெருமை.