ரெண்டு மணிக்கு மேல பசிக்கக் கூடாது

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. பிரான்சுக்குப் போறியாமே? பாரிசைச் சும்மா எட்டிப் பார்த்துட்டு, மிச்ச நாளெல்லாம் பட்டிக்காட்டுலதான் சுத்தப் போறேன்னு உங்க அப்பன் சொன்னான். முசிறியில பொறந்து, மெட்ராஸ்ல குடியேறி, பட்டிக்காடு பார்க்கப் பிளேன் ஏறுறவன் நம்ம வம்சத்துல நீ ஒருத்தன்தான். நல்லா இரு.

விசா வாங்கியிருப்பே, குளிருக்குச் சட்டை எடுத்திருப்பே. நேரத்துக்குப் பசிக்கிற வயிறு மட்டும் உங்கிட்ட இல்லை. ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போனைத் தடவுறே, ஒருத்தன் பிரியாணியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறான். அந்த வயித்தோட அங்கே போனா பட்டினிதான். உங்க அத்தை வீட்டுல, லியோன் பக்கம், ஒரு கோடை முழுக்க இருந்துட்டு வந்தவன் சொல்றேன், கேட்டுக்க.

அங்கே கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில மத்தியானம் பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு. ஒண்ணரைக்குள்ள போய் உக்காந்துரணும். ரெண்டு மணிக்கு அடுப்பை அணைச்சிருவான். அப்புறம் ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி பத்த வைப்பான். நடுவுல நீ மயங்கி விழுந்தாலும் மூஞ்சியில தண்ணி தெளிச்சு ஒரு காப்பி கொடுப்பானே தவிர, சட்டி ஏத்த மாட்டான். கடைக்காரன் மட்டும்னு நினைக்காதே. ரொட்டிக்கடை, தபால் ஆபீஸ், நம்ம பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி அவங்க வச்சிருக்கிற ஆபீஸ், எல்லாமே பெரும்பாலும் பன்னெண்டு மணிக்குக் கதவைச் சாத்திட்டுச் சாப்பிடப் போயிரும். பழைய கோட்டையைப் பார்த்து முடிச்சுட்டு ரெண்டரைக்குச் சாவகாசமாச் சாப்பிடலாம்னு கணக்குப் போடுவே பாரு, அங்கேதான் மாட்டிக்குவே. மொதல்ல சாப்பாடு. கோட்டை எங்கேயும் ஓடாது.

என்ன தாத்தா, இப்படி அநியாயம் பண்றானேங்கிறியா? இப்பவே நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு தோசை கேளு பார்ப்போம், மணி ஒண்ணுதானே ஆகுது. "சாயந்திரம்தாங்க தோசை, சாப்பாடு இருக்கு"ம்பான். நாலு மணிக்குப் போய்ச் சாப்பாடு கேளு, "முடிஞ்சிருச்சுங்க"ம்பான். பஜ்ஜி போடுறவங்கிட்ட காலையில எட்டு மணிக்குப் பஜ்ஜி கேட்டா உன்னை மேலயும் கீழயும் பார்ப்பான். பரோட்டா மாஸ்டர் மாவு பிசைய வர்றதே வெயில் தாழ்ந்துதான். இதையெல்லாம் நீ ஒரு நாளாவது அநியாயம்னு சொல்லியிருக்கியா? அதே நியாயத்தை அவன் பிரெஞ்சுல சொன்னா மட்டும் கசக்குதாக்கும்.

சாமிக்கே நேரம் வச்ச ஊருடா இது. காவிரிக்கு அக்கரையில குளித்தலைக் கடம்பரைக் காலையில பார்க்கணும், ஐயர்மலை ரத்தினகிரீசுவரரை மத்தியானம் பார்க்கணும், அந்தி சாயுறதுக்குள்ள இக்கரைக்கு வந்து திருஈங்கோய்மலை ஏறணும். கார்த்திகைச் சோமவாரத்துல ஜனம் இப்படித்தான் போகுது. உச்சி வெயில்ல ஐயர்மலையில 1017 படி ஏறச் சொல்றாங்களே, சாயந்திரம் குளிர்ந்த காத்துல வர்றேன்னு யாராவது மனு போட்டாங்களா? ஸ்ரீரங்கத்துல பெருமாளுக்கு அரவணை அமுது வேணும்னாலும் ராத்திரி வரைக்கும் காத்திருந்துதான் ஆகணும். காலையில அவரோட தேவி துலுக்க நாச்சியாரை முன்னிட்டுப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்யறாங்க. பள்ளிகொண்டவரே காலையில ரொட்டி வெண்ணெய்ல திருப்தி ஆகுறப்போ, பிரான்சுல காலைப் பலகாரம் ரொட்டி, வெண்ணெய், ஜாம், ஒரு கிண்ணம் காப்பி, அவ்வளவுதான்னு நீ மூஞ்சியைத் தூக்கக் கூடாது. அதுல ஒரு லாபமும் இருக்கு. பதினொண்ணரைக்கெல்லாம் வயிறு கூப்பிட ஆரம்பிச்சிரும், பன்னெண்டு மணிக்கு மொத ஆளாப் போய் உக்காந்துரலாம்.

உக்காந்தா எந்திரிக்கிறது எப்பங்கிறது வேற கதை. பக்கத்து ஊர்ல பொறந்த பாட்டு வித்வான் முசிறி சுப்பிரமணிய ஐயர் சவுக்கத்துல, அதான் மெல்ல இழுத்து, நெரவல் பண்ணுவாரே, அந்தக் காலப்பிரமாணத்துல நடக்கும் அவங்க சாப்பாடு. மொதல்ல ஒரு தட்டு, அது முடிஞ்சப்புறம் பெரிய தட்டு, அப்புறம் சீஸ், அப்புறம்தான் இனிப்பு. அதெல்லாம் உள்ளே போனப்புறம்தான் காப்பி. சோறு திங்கும்போதே காப்பி கேட்டியானா, உன் உடம்புக்கு என்னமோன்னு பரிதாபமாப் பார்ப்பாங்க. நம்ம ஊர் பந்தியில உனக்கு மோர் ஊத்தும்போதே அடுத்தவன் நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். அங்கே அந்த வேளைக்கு அந்த மேசை உன்னது. நீ வாயைத் திறந்து கேக்குற வரைக்கும் பில் வராது. எவனோ மறந்துட்டான்னு கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காதே.

அன்னைக்குன்னு பலகையில சாக்குக் கட்டியால எழுதியிருப்பான் பாரு, அதைக் கேளு. அதுதான் சூடா இருக்கும், விலையும் தோதாப் படும். தண்ணியைக் கூஜாவுல கேளு, காசில்லாமக் கொடுப்பான். பாட்டில்ல கேட்டா காசு. உள்ளே நுழைஞ்சதும் "பொன்ஜூர்"னு வணக்கம் வச்சிரு. வைக்காமப் போய் "மெனு"ன்னு நீட்டுனா, அப்புறம் அவன் உன் பக்கம் திரும்புறதுக்குள்ள மணி ரெண்டு ஆயிரும்.

கூட வர்ற உன் பொண்டாட்டி, அந்தப் புள்ள சைவம்தானே? அதுக்கு ஆம்லெட் ஆகும்னா கவலையே இல்லை. ஆகாதுன்னா முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லி வச்சிரு. நேர்ல போய்ச் சைவம்னு சொன்னா மீன் சாப்பிடுவீங்களான்னு சில பேர் கேப்பாங்க. கோவப்படாதே, நம்ம வீட்டுக் கல்யாணத்துல ஜெயின் குடும்பம் வந்தப்போ நாம கேக்காத கேள்வியா? ஆட்டுப்பால் சீஸைச் சூடாக்கிக் கீரை மேல வச்சுக் கொடுப்பான், நல்லாத்தான் இருக்கும்.

ராத்திரிதான் கண்டம். ஜூன், ஜூலையில அங்கே ஒன்பதரை, பத்து மணிக்குத்தான் பொழுது சாயும். விளக்கு வைக்கட்டும், சாப்பிடப் போவோம்னு நம்ம வீட்டுப் பழக்கத்துல இருந்தியானா, விளக்கு வைக்கிறப்போ அவன் அடுக்களையைக் கழுவி விட்டிருப்பான். வானத்தைப் பார்க்காதே, கடிகாரத்தைப் பாரு. எட்டு மணிக்கு உள்ளே இரு.

சாப்பாட்டு விஷயத்துல அவங்க விளையாடுறதில்லைடா. வேலை பார்க்கிற இடத்துலயே வச்சு மத்தியானம் சாப்பிடக் கூடாதுன்னு தொழிலாளர் சட்டத்துலயே போட்டு வச்சிருக்காங்க. 2021-ல கொரோனாவுக்காகத்தான் தற்காலிகமாத் தளர்த்துனாங்க. கம்ப்யூட்டர் மேல சாம்பார் சிந்துறவன் நீ, இதைக் கொஞ்சம் மனசுல வை. அவங்க விருந்து சாப்பிடுற முறையை 2010-ல யுனெஸ்கோ பாரம்பரியச் சொத்துன்னு பட்டியல்ல சேர்த்துச்சு. நம்ம பந்தியை ஏன் சேர்க்கலைன்னு கேக்காதே. நாம இடம் பிடிக்க ஓடுற ஓட்டத்தைப் பார்த்திருந்தா குறிப்பெடுக்க வந்தவனே இலையில உக்காந்திருப்பான்.

இன்னொண்ணு ரகசியமாச் சொல்றேன். 1752-ல ஜாக் லான்னு ஒரு பிரெஞ்சுத் தளபதி, அவங்க பக்கத்து நவாப் சந்தா சாகிபையும் கூட்டிக்கிட்டு ஸ்ரீரங்கம் தீவுக்குள்ள போய் உக்காந்துட்டான். ரெண்டு பக்கமும் ஆறு. இங்கிலீஷ்காரன் கிளைவ் சமயபுரத்துல தண்டு இறங்கி, பாண்டிச்சேரியிலேருந்து சாமான் வர்ற வழியை அடைச்சுட்டான். தானியம் சுருங்கிப்போச்சு, ஜூன் மாசம் லா படையோட சரணடைஞ்சுட்டான். நம்ம காவிரிக்கரையில வயிறு காஞ்சு போனவங்க வம்சம்டா அது. ரெண்டு மணிக்கு மேல நீ போய் நின்னா, திருச்சிக்காரன்னு மட்டும் சொல்லிறாதே.

பசி தாங்கவே முடியலைன்னா பெரிய ரோட்டுல, கார் நிறுத்துற இடத்துல இருக்கிற கடைங்க நாள் பூரா திறந்திருக்கும், டவுன்ல கபாப் கடை இருக்கும். அதைத் திங்கவா அவ்வளவு தூரம் போனேன்னு உன் பொண்டாட்டி கேப்பா, பதில் நீயே சொல்லிக்க. சாப்பாட்டுக் கடைங்க பாதிக்கு மேல ஞாயித்துக்கிழமை ராத்திரியும் திங்கக்கிழமையும் லீவு. பலசரக்குக் கடையும் ஞாயித்துக்கிழமை மத்தியானத்தோட சரி. அதனால ஞாயிறு காலையிலேயே ரொட்டி, தக்காளி, பழம் வாங்கி வச்சிரு. தயிரைப் பத்திக் கவலைப்படாதே, அங்கே எந்தக் கடையிலயும் கிடைக்கும். ஊறுகாயை மட்டும் இங்கேயிருந்து எடுத்துக்கிட்டுப் போ. இப்ப எந்திரி, உங்க ஆயா இலை போட்டுட்டா.