இருதய தான நிர்ணயம்

யானையின் லட்சணத்தையும் குதிரையின் சுழியையும் பல்லி விழும் பலனையும்கூடச் சாஸ்திரமாக வகுத்து வைத்துப்போன நம் முன்னோர், கைபேசியில் வரும் இருதயத்தை யாரிடம் யாசிக்கலாம், யாரிடம் யாசிக்கலாகாது, கேட்டும் கொடாதவரோடு மறுநாள் காலை மின்தூக்கியில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்பன போன்ற விஷயங்களைப் பற்றி ஒரு சூத்திரமேனும் செய்யாமற் போனது அவர்கள் குற்றமன்று; ஏனெனில் 2012ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் தேதி வரையில் இந்தச் சங்கடம் கொரியா தேசத்தில் தலையெடுக்கவில்லை. அன்றுதான் அந்நாட்டின் காகாவோடாக் என்னும் செய்திச் செயலியின் மேல் விளையாட்டுகளுக்கென்று ஒரு மேடை திறக்கப்பட்டது. அனிபாங் என்னும் விளையாட்டு அதில் ஏறி அமர்ந்தது.

செயலியின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுவது முறை. கிம் பொம்-சு என்பவர் நிறுவிய ஸ்தாபனம் 2010 மார்ச்சில் இதை வெளியிட்டது. குறுஞ்செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று தொலைபேசிக் கம்பெனிகள் காசு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், செலவில்லாமல் பேசலாம், பத்துப் பேரை ஓர் அறையில் கூட்டி வைத்தும் பேசலாம் என்றால் ஜனங்கள் விடுவார்களா? ஐந்து கோடிச் சொச்சம் பேர் வாழும் நாட்டில் இன்று நாலு கோடிக்கு மேற்பட்டோர் இதில் குடியிருக்கிறார்கள். இதன் சுபாவங்களுள் ஒன்றை மட்டும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: கைபேசியில் எவருடைய எண் இருக்கிறதோ அவரெல்லாம் ‘நண்பர்’ என்ற பட்டியலில் தாமாகவே வந்து அமர்ந்துவிடுவர். முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், பிள்ளையின் கணித ஆசிரியை, என்றோ ஒருமுறை குளிர்பெட்டியைப் பழுது பார்த்தவர் எல்லோரும் நண்பர்களே. நட்புக்கென்று ஐந்து அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரும் இவ்வளவு தாராளம் காட்டவில்லை.

இனி, இருதயத்துக்கு முன் எண்ணைப் பார்க்க வேண்டும். அனுப்பிய செய்தியின் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு எண் நிற்கும். இன்னும் படிக்காதவர் தொகை அது. பத்துப் பேர் உள்ள அறையில், வருகிற ஞாயிறு மலையேறப் போகலாமா என்று ஒருவர் கேட்டாரென்று வைத்துக்கொள்வோம். எண் 9 என்று தொடங்கி, 7, 4, 2 என்று மளமளவென்று இறங்கி, 1 என்று வந்து அசையாமல் நின்றுவிடும். அது தொகையைச் சொல்லுமேயன்றிப் பெயரைச் சொல்லாது. மற்ற எட்டுப் பேரும் படித்துவிட்டு வாய் திறக்கவில்லை என்ற பெரிய உண்மை அந்தக் கணமே மறந்துபோய், கேட்டவருடைய சித்தம் முழுவதும் அந்த ஒருவர் யார் என்ற விசாரத்தில் லயித்துவிடும். படித்தும் பேசாதவர் குற்றவாளி. படிக்காமலே இருப்பவரோ, அறிவிப்பில் எட்டிப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே திறக்காதவராகவும் இருக்கலாமாகையால், அதனினும் பெரிய குற்றவாளி.

எண் மறைந்தால் படித்தார் என்று கொள்வது, புகையைக் கண்டு மலையில் நெருப்புண்டு என்று துணியும் அனுமானத்தின் பாற்படும் என்று தார்க்கிகர் சொல்லக்கூடும். அவர்களுடைய உதாரணம் ஒருமுறை அட்சரம் பிசகாமல் மெய்யாயிற்று. 2022 அக்டோபர் 15, சனிக்கிழமை பிற்பகல், பாங்கியோ என்னும் இடத்திலிருந்த தரவு மையத்தின் நிலவறையில் மின்கலங்கள் தீப்பற்றிக்கொள்ள, செய்தி போகாததைக் கண்டு தேசமே நெருப்பை அறிந்துகொண்டது. எல்லாச் சேவைகளும் முற்றும் சீராவதற்கு 127 மணி 30 நிமிஷம் பிடித்ததென்று ஸ்தாபனமே கணக்குச் சொல்லிற்று. பதில் எழுத மனமில்லாதவர்க்கெல்லாம் பழுதற்ற ஒரு சாக்கு இலவசமாகக் கிடைத்த தினம் அது.

நிற்க. அனிபாங்கின் விதிகள் குழந்தைக்கும் விளங்குபவை. கட்டங்களில் முயல், பூனை, பன்றி, குரங்கு முதலான ஜீவன்களின் தலைகள் கலந்து கிடக்கும். ஒரே ஜாதித் தலைகள் மூன்றை வரிசைப்படுத்தினால் அவை வெடித்து மறையும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு நிமிஷம். ஓர் ஆட்டத்துக்கு ஓர் இருதயம். கையிருப்பில் ஐந்து. குறைந்தால் எட்டு நிமிஷத்துக்கு ஒன்று வீதம் தானே ஊறும். ஐந்து நிமிஷம் ஆடிய மனிதன் அடுத்த இருதயம் ஊறும் வரையில் சும்மா இருக்க வேண்டுமென்ற இந்த ஏற்பாட்டில்தான் அதைச் செய்தவர்களுடைய மேதாவிலாசம் இருக்கிறது. சும்மா இருப்பது மோட்சத்துக்கு வழியென்று பெரியோர் சொன்னதைக் கேட்கும் நிலையில் அவன் இல்லை. ஆகவே ‘நண்பர்’ பட்டியலைத் திறக்கிறான். அவர்களுக்கு இருதயம் அனுப்பினால் அவர்களும் திருப்பி அனுப்பக் கூடுமல்லவா? அந்த இருதயங்கள் காகாவோடாக் செய்தியாகவே போய் நள்ளிரவிலும் ஒலி எழுப்பின.

தானமென்றால் கொடுப்பவனுக்கு ஏதேனும் குறைய வேண்டும். இருதயம் கொடுத்தவருடைய கையிருப்போ குறைவதில்லை. எனவே இது தானமன்று, கல்யாண வீட்டு மொய்யின் இனம், எழுதினவர் திரும்ப எதிர்பார்ப்பதால், என்பர் ஒரு சாரார். யான் இதனை ஒப்புக்கொள்ளேன். மொய்க்கு நோட்டுப் புத்தகம் உண்டு, நாள் உண்டு, சாப்பாடும் உண்டு. இதற்கு அவற்றுள் ஒன்றும் இல்லை.

என் சித்தாந்தம் வேறு. கொரிய மொழியில் வாக்கியத்தை முடிக்கும் வினையே பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைத் தீர்மானித்தாக வேண்டும். நாம் ‘வா’, ‘வாரும்’, ‘வாருங்கள்’ என்பவற்றுள் ஒன்றை எடுப்பதைக் காட்டிலும் அவர்களுடைய அவஸ்தை பெரிது, ஏனெனில் மழை பெய்கிறது என்று சொல்வதற்கும் கேட்பவருடைய வயதையும் பதவியையும் அனுசரித்தே வினையை முடிக்க வேண்டும். இந்த நிலையில் பல வருஷங்களாகப் பேசாதிருந்த பழைய மேலதிகாரிக்கு என்ன எழுதுவது, எந்த விகுதியில் முடிப்பது? இருதயத்துக்கு விகுதி கிடையாது. விஷயமும் கிடையாது. மரியாதைக் குறைவென்றோ அதிகப் பணிவென்றோ எவரும் குற்றம் காண முடியாது. அவருக்கும் பதிலுக்கு ஒன்றை அனுப்பிவிட்டு, யாதொன்றும் பேசாமலே பேசிவிட்ட திருப்தியோடு பன்றித் தலைகளை வெடிக்கவைக்கப் போகலாம். சும்மா இருந்தால் தப்பு, பேசினாலும் தப்பு என்று ஆகிவிட்ட ஒரு யந்திரத்துக்குள் இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட சந்து இதுவென்பதே என் துணிபு. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் அதில் நுழைந்ததும், நுழைந்தவர் தொகை மிகுந்து அதுவே உபத்திரவமாக முடிந்ததும் இயல்பே.

இதில் எஞ்சிய ஒரு சிக்கல், நண்பர்களின் புள்ளிகளை வாரந்தோறும் வரிசைப்படுத்திக் காட்டிய பட்டியல். மேலதிகாரிக்கு மேலே பெயர் வந்துவிட்ட குமாஸ்தா என்ன செய்வது? மறு வாரம் பட்டியல் புதிதாகத் தொடங்கும் வரையில் மெதுவாக ஆடுவதே விவேகம்.

விளையாட்டைக் கைவிட்டவரும் அறையைக் கைவிட முடியவில்லை. குழுவைவிட்டு ஒருவர் போனால், இன்னார் வெளியேறினார் என்ற வாசகம் எல்லார் கண்ணிலும் படும்படி நடுவே தோன்றும். இதனால் விளைந்த மனஸ்தாபங்களின் பெருக்கத்தால், ஓசைப்படாமல் வெளியேறும் உரிமைக்காக 2023 பிப்ரவரியில் அந்நாட்டுச் சட்டசபைக்கே ஒரு மசோதா வந்தது. மே மாதத்தில் ஸ்தாபனமும் இறங்கிவந்து, அமைப்புகளுக்குள் ‘சோதனைச்சாலை’ என்ற மூலையில் அந்த வசதியை வைத்தது. அதை இயக்கிக்கொண்டவர் வெளியேறினால் பெயர் அறிவிக்கப்படுவதில்லை. தலைப்பருகே உள்ள உறுப்பினர் தொகை மட்டும் ஒன்று குறையும். முன்பு போனவர் இன்னாரென்று தெரிந்து அவரை மட்டும் வைதுவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அறை, இன்று நாற்பது முப்பத்தொன்பதானதைக் கண்ட மாத்திரத்தில், பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தள்ளித் தள்ளிப் போனவரைத் தேடுகிறது.