நாள் குறிக்கும் உரிமை

கேள்வி: யூதர்களின் நாட்காட்டி சந்திரனை வைத்தா, சூரியனை வைத்தா?

பதில்: மாதம் சந்திரனுடையது, வருடம் சூரியனுடையது. பிறையோடு மாதம் பிறக்கும். 29 அல்லது 30 நாளில் முடியும். பன்னிரண்டு மாதம் கூட்டினால் 354 நாள்தான். சூரிய வருடத்துக்கு 11 நாள் குறைகிறது. அப்படியே விட்டால் மூன்றே வருடத்தில் பண்டிகைகள் ஒரு மாதம் முந்திப்போகும். ஆனால் பஸ்கா பண்டிகை வசந்த காலத்தில்தான் வரவேண்டும் என்பது உபாகமத்தின் கட்டளை. ஆகவே 19 வருடச் சுற்றில் 7 வருடங்களுக்குப் பதின்மூன்று மாதம். ஆதார் என்ற மாதம் அந்த வருடங்களில் இரண்டு முறை வரும். தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களில் அதிக மாசம் வருவதும் இதே பற்றாக்குறையை ஈடுகட்டத்தான். அங்கே அதிக மாசத்தில் சுபகாரியங்களைத் தள்ளிப்போடுவார்கள். யூதர்களுக்கோ ஆதார் பிறந்தாலே மகிழ்ச்சியைக் கூட்ட வேண்டும் என்பது யூத அறிஞர்களின் உரைத்தொகுப்பான தல்மூதின் வாக்கு.

கேள்வி: அப்படியானால் ரம்ஜான் ஏன் வருடா வருடம் நகர்கிறது?

பதில்: இஸ்லாமிய நாட்காட்டியில் கூடுதல் மாதம் கிடையாது. அதனால் சுமார் 33 வருடத்தில் ரம்ஜான் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடும்.

கேள்வி: நாள் கணக்குக்கும் ஆன்மிகத்துக்கும் என்ன சம்பந்தம்? காலண்டர் காலண்டர்தானே?

பதில்: யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இஸ்ரவேலர் இன்னும் எகிப்தில்தான் இருக்கிறார்கள். கடல் பிளக்கவில்லை, சீனாய் மலை வரவில்லை, பத்துக் கட்டளைகள் வரவில்லை. அதற்குள் ஒரு கட்டளை வருகிறது: இந்த மாதமே உங்களுக்கு முதல் மாதமாக இருக்கட்டும் என்று. ஒரு சமூகமாக அவர்கள் பெற்ற முதல் கட்டளை இதுதான் என்பது ரபிகளின் மரபு. வேதம் உலகப் படைப்பில் தொடங்காமல் இந்த இடத்திலேயே தொடங்கியிருக்கலாமே என்ற கேள்வியோடுதான் ராஷி தம் புகழ்பெற்ற உரையை ஆரம்பிக்கிறார்.

ஏன் நாட்காட்டி முதலில்? 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த ஸ்ஃபோர்னோ என்ற உரையாசிரியரின் விளக்கம் என் மனதைவிட்டு அகலாதது. அடிமையாக இருந்தவரை உங்கள் நாட்கள் உங்களுடையவை அல்ல, எஜமானுடையவை. இனி மாதங்கள் உங்களுடையவை என்கிறார் அவர். செங்கல் எப்போது அறுப்பது, எப்போது படுப்பது என்று எல்லாவற்றையும் பார்வோன் சொல்லிக் கேட்டவர்களிடம், நாள் குறிக்கும் உரிமை முதலில் தரப்படுகிறது. விடுதலை அங்கேதான் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த நாட்காட்டியின் ஆன்மிகம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கேள்வி: பழங்காலத்தில் மாதம் பிறந்துவிட்டது என்று யார் சொன்னார்கள்?

பதில்: தெருவில் போகிற சாதாரண மனிதரும் சொல்லலாம், ஆனால் இரண்டு சாட்சி வேண்டும். பிறையைக் கண்டவர்கள் எருசலேமுக்கு ஓடி வருவார்கள். ஓய்வுநாளில் பயண விதிகளை மீறியும் வரலாம், தடையில்லை. பெய்த் யாசேக் என்ற பெரிய முற்றத்தில் அவர்களை உட்காரவைத்து விருந்து போடுவார்கள், அடுத்த மாதமும் ஆவலாக வரட்டும் என்று. பிறகு ரபிகளின் சபை விசாரிக்கும். பிறை சூரியனுக்கு வடக்கே இருந்ததா, தெற்கே இருந்ததா? எவ்வளவு உயரத்தில்? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? சபைத் தலைவர் ரபன் கமாலியேல் தம் மாடி அறைச் சுவரில் பிறையின் பல வடிவங்களை வரைந்து வைத்திருந்தார். படிக்காதவர்களைக் கூப்பிட்டு, நீ பார்த்தது இதுவா, அதுவா என்று காட்டிக் கேட்பாராம். சாட்சி தேறினால் மாதம் பிறந்ததாக அறிவிப்பு.

அதற்குமேல் நடந்தது அழகான காட்சி. ஒலிவ மலை உச்சியில் நீண்ட கம்பில் தீப்பந்தம் கட்டி அசைப்பார்கள். அதைக் கண்டு அடுத்த மலையான சர்தபாவில் பந்தம் எழும். மலைக்கு மலை தாவி, பாபிலோன் பக்கம் குடியிருந்த யூதர்கள் வரை தீயே செய்தி சொல்லும். சமாரியர்கள் வேண்டுமென்றே தவறான நாளில் பந்தம் கொளுத்திக் குழப்பியதால், பிறகு தூதர்களை அனுப்பினார்கள் என்று மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு சொல்கிறது. தூதர் நடந்து போய்ச் சேராத ஊர்களில் சந்தேகத்துக்கு இரண்டு நாள் பண்டிகை கொண்டாடினார்கள். சந்தேகம் தீர்ந்து பல நூற்றாண்டு ஆயிற்று, வழக்கம் தொடர்கிறது. இஸ்ரேலில் 7 நாள் நடக்கும் பஸ்கா, வெளிநாட்டு மரபுவழி யூதர்களின் வீடுகளில் இன்றும் 8 நாள்.

கேள்வி: சாட்சி பொய் சொல்லி, தவறான நாளில் மாதம் பிறந்ததாக அறிவித்துவிட்டால்? கடவுள் கணக்கில் எந்த நாள் பண்டிகை?

பதில்: அறிவித்த நாள்தான்.

இதற்கு மிஷ்னாவிலேயே ஒரு வழக்கு உண்டு. இரண்டாம் ஆலயம் கி.பி. 70-இல் இடிந்தபின், யாவ்னே நகரில் சபை கூடிய காலம். இரண்டு பேர் வந்து, பிறையைக் கண்டோம், ஆனால் அடுத்த இரவு அது தெரியவில்லை என்றார்கள். கமாலியேல் ஏற்றுக்கொண்டார். இது பொய்ச் சாட்சி என்று சில அறிஞர்கள் மறுத்தார்கள். அவர்களில் ரபி யோசுவா பெரியவர். அவர் கணக்கில் பாவநிவிர்த்தி நாள் வேறு. அந்த நாள் யூதர்கள் உண்ணாமல், குடிக்காமல், வேலை செய்யாமல், காசைத் தொடாமல் இருக்கும் நாள். கமாலியேல் ஆளனுப்பினார்: உங்கள் கணக்கில் எது பாவநிவிர்த்தி நாளோ, அன்று கைத்தடியும் பணமும் எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.

யோசுவா துடித்துப்போனார். ரபி அகிபா வந்து தேற்றினார். லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தைக் காட்டி, பண்டிகைகள் நீங்கள் கூறும் நாளில்தான் வரும் என்றல்லவா இருக்கிறது, சரியான வேளையோ இல்லையோ, சபை அறிவித்ததே பண்டிகை என்றார். யோசுவா கைத்தடியும் பணமுமாக நடந்து போனார். கமாலியேல் எழுந்து நின்று அவர் தலையில் முத்தமிட்டார். ஞானத்தில் நீர் என் குரு, என் சொல்லை ஏற்றதால் என் சீடர் என்று வரவேற்றார்.

யோசுவாவின் வானியல் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் ஊருக்கு ஒரு பாவநிவிர்த்தி நாள் என்று பிரிந்திருந்தால் அந்தச் சமூகம் ஆலயத்தை இழந்த பிறகு பிழைத்திருக்காது. அப்படிப் பிரிந்தவர்களும் முன்பு உண்டு: சவக்கடல் சுருள்களை வைத்திருந்தவர்கள் 364 நாள் கொண்ட தனி நாட்காட்டியைப் போற்றினார்கள். எருசலேம் ஆசாரியர்களோடு அவர்களுக்கு இருந்த பெரும் பகைகளில் அதுவும் ஒன்று. யோசுவா எடுத்த கைத்தடியை நான் பெரிய தியாகமாகவே பார்க்கிறேன்.

கேள்வி: ஓய்வுநாளையும் இப்படி மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. ஏழாம் நாள் படைப்பிலேயே குறிக்கப்பட்டுவிட்டது; சாட்சி வேண்டாம், சபை வேண்டாம். ஜெபத்திலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. ஓய்வுநாளைக் கடவுள் நேரே பரிசுத்தமாக்குகிறார். பண்டிகைக்கு வந்தால், கடவுள் இஸ்ரவேலைப் பரிசுத்தமாக்குகிறார், இஸ்ரவேல் காலத்தைப் பரிசுத்தமாக்குகிறது.

கேள்வி: இன்றைக்கும் சாட்சி கேட்கிறார்களா?

பதில்: இல்லை. கி.பி. 358-359 வாக்கில் இரண்டாம் ஹில்லேல் நிலையான கணக்கை வெளியிட்டார் என்பது மரபு. சபையே கலைந்துபோகும் நிலை வந்தபோது, சிதறிக் கிடந்தவர்களுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து இது. மணியை 1080 பங்காகப் பிரித்து, சராசரி மாதம் 29 நாள், 12 மணி, 793 பங்கு என்று வைத்திருக்கிறார்கள். 793 பங்கு என்பது 44 நிமிடமும் 3 நொடிச் சொச்சமும். பாபிலோனிய வானியலாளர்களும் அறிந்திருந்த இந்த அளவு, இன்றைய அளவுக்கு ஒரு நொடிகூட விலகவில்லை. வருடக் கணக்கில்தான் சற்று நழுவல்: ஆறு நிமிடத்துக்கு மேல் கூடுதல், ஆகவே இருநூற்றுச் சொச்சம் வருடத்துக்கு ஒரு நாள் தள்ளுகிறது. திருத்தும் அதிகாரம் உள்ள சபை இன்று இல்லை. ஆனால் கரைத்தே என்ற தனிப் பிரிவு யூதர்களில் பலர் இப்போதும் கண்ணால் பிறை பார்த்துத்தான் மாதம் தொடங்குகிறார்கள்.

கணக்கில் கருணையும் இருக்கிறது. பாவநிவிர்த்தி நாள் வெள்ளியிலோ ஞாயிறிலோ விழாதபடி, அதற்குச் சில நாள் முன் வரும் புத்தாண்டை ஒரு நாள் தள்ளிவைப்பார்கள். அது ஓய்வுநாளை ஒட்டி வந்தால், தொடர்ந்து இரண்டு நாள் வேலை கூடாது. காய்கறி வாடும், இறந்தவரை அடக்கம் செய்ய முடியாது. தல்மூத் சொல்லும் காரணங்கள் இவை.

கேள்வி: முதல் மாதம் நிசான். புத்தாண்டோ ஏழாம் மாதமான திஷ்ரியில். எப்படி?

பதில்: நிசான் விடுதலையின் தொடக்கம், திஷ்ரி படைப்பின் தொடக்கம். மாதத்தை விடுதலையிலிருந்தும் வருடத்தைப் படைப்பிலிருந்தும் எண்ணுகிறார்கள். மிஷ்னா இன்னும் தாராளம். அதில் நான்கு புத்தாண்டுகள். ஒன்று மரங்களுக்கு, செபாத் மாதம் 15-ஆம் தேதி.

கேள்வி: இரட்டையரில் தம்பி அண்ணனைவிட முந்திப் பெரியவன் ஆக முடியும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம். முதல் ஆதார் 29-ஆம் தேதி சூரியன் மறையுமுன் அண்ணன் பிறக்கிறான். அதற்கடுத்த நாள் மாலை இருட்டியதும், அதாவது இரண்டாம் ஆதார் 1-ஆம் தேதி, தம்பி. பதின்மூன்றாவது வருடம் ஒரே ஆதார் உள்ள சாதாரண வருடமாக இருந்தால், தம்பி 1-ஆம் தேதியே வயதுக்கு வந்து கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவனாகிறான். அண்ணன் 29-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: அவர்கள் நிலாவைக் கும்பிடுகிறார்களா?

பதில்: இல்லவே இல்லை. மாதம் ஒரு முறை வளர்பிறை இரவில், பெரும்பாலும் ஓய்வுநாள் முடிந்த சனி இரவில், வெட்ட வெளியில் கூடிப் படைத்தவரைத் துதிக்கிறார்கள். அப்போது பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் கூறி வாழ்த்துவார்கள்.

அந்த ஜெபத்தில் நிலா பழைய நிறைவுக்குத் திரும்ப வேண்டும் என்ற வேண்டுதலும் உண்டு. அதன் பின்னால் தல்மூதின் கதை ஒன்று இருக்கிறது. ஆதியில் சூரியனும் சந்திரனும் சம ஒளி. இரண்டு ராஜாக்கள் ஒரே கிரீடத்தை அணிய முடியுமா என்று சந்திரன் கேட்டது. அப்படியானால் நீ சிறியதாகு என்றார் கடவுள். நியாயமான கேள்வி கேட்டதற்கா தண்டனை என்றது சந்திரன். பகலிலும் நீ தெரிவாய், உன்னை வைத்து இஸ்ரவேல் நாள் எண்ணும் என்று அவர் ஆறுதல் சொல்லிப் பார்த்தார். சந்திரன் தேறவில்லை. அப்போது கடவுள் சொன்னாராம், நிலாவைச் சிறிதாக்கியதற்காக என் பொருட்டுப் பரிகாரம் செலுத்துங்கள் என்று. மாதப் பிறப்பில் ஆலயத்தில் பலியிட்ட ஆட்டுக்கடா அதற்காகத்தான் என்கிறார் ஒரு ரபி. சிறியவரின் முறையீட்டுக்கு முன்னால் கடவுளே பரிகாரம் கேட்டு நிற்கும் துணிச்சலை வேறெந்த மறைநூல் உரையிலும் நான் படித்ததில்லை.

தேய்ந்து, ஒரு நாள் முழுக்க மறைந்து, மீண்டும் வரும் ஒன்றை வைத்துத் தங்களை எண்ணிக்கொள்கிறார்கள். இருமுறை ஆலயம் இடிந்து, நாடு நாடாகத் துரத்தப்பட்ட மக்கள் தங்கள் கதையையே வானத்தில் வாசித்தார்கள்.

கேள்வி: பஸ்காவும் ஈஸ்டரும் சேர்ந்து வர வேண்டாமா? சில வருடம் ஒரு மாதம் விலகுகிறதே?

பதில்: இயேசு பாடுபட்டது பஸ்கா வேளையில். கி.பி. 325-இல் நிசேயா சங்கம், யூதர்களின் கணக்கை எதிர்பாராமல் திருச்சபை தானே ஈஸ்டர் நாளைக் கணித்துக்கொள்ளும் என்று முடிவுசெய்தது. இரு தரப்பும் வசந்த காலப் பௌர்ணமியைத்தான் தேடுகின்றன. ஆனால் கூடுதல் மாதம் வரும் சில வருடங்களில் வேறு வேறு பௌர்ணமி அகப்படும். 2026-இல் பஸ்கா ஏப்ரல் 2, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, பஸ்கா ஏப்ரல் 22.

கேள்வி: நாட்காட்டியே கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டால்?

பதில்: மாட்டிக்கொண்டார்கள். நாஜி முகாம்களில் கைதிகள் கிடைத்த காகிதத்தில், நினைவிலிருந்தும் மனக்கணக்கிலிருந்தும் யூத நாட்காட்டியைக் கையால் எழுதினார்கள். அவற்றில் சில இன்றும் காப்பகங்களில் இருக்கின்றன. பண்டிகையைக் கொண்டாட ரொட்டித் துண்டுகூட இல்லாத இடத்தில், பண்டிகை எந்த நாள் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எகிப்தில் முதல் கட்டளை ஏன் நாட்காட்டியாக இருந்தது என்று கேட்பவர்களுக்கு அந்தக் காகிதங்களைத்தான் நான் காட்டுவேன்.

1941-இல் ஐரோப்பாவிலிருந்து தப்பி ஜப்பானில் ஒதுங்கிய யூதர்களுக்கு வேறு சிக்கல். உலகில் நாள் மாறும் தேதிக்கோடு எங்கே என்பதில் ரபிகளிடையே கருத்து வேறுபாடு. பாவநிவிர்த்தி நாள் புதனா, வியாழனா? தந்தியடித்துக் கேட்டார்கள், மாறுபட்ட பதில்கள் வந்தன. இரண்டு நாளும் உபவாசம் இருந்தவர்கள் உண்டு.

கேள்வி: அவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். 2026-இல் புத்தாண்டு எப்போது?

பதில்: செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை மாலை சூரியன் மறைந்ததும் 5787 பிறக்கிறது. அவர்களுக்கு நாள் தொடங்குவதே மாலையில்தான். முதல் நாள் ஓய்வுநாளில் விழுவதால் அன்று மரபுவழி ஜெபாலயங்களில் ஆட்டுக்கொம்பு ஊத மாட்டார்கள். ஞாயிறு காலை ஊதுவார்கள். ‘ஷனா தோவா’ என்று சொல்லுங்கள்.