மலையும் கிராம சபையும்

கேள்வி: பழங்குடிகளுக்கென்று அரசியல் சிந்தனை உண்டா? நூல் ஏதாவது சொல்லுங்களேன். (கரூர் வாசகர்)

நூலைத் தேடாதீர்கள், ஒடிசாவின் நியமகிரிக்குப் போங்கள். அங்கே வாழும் டோங்ரியா கோந்த் மக்களுக்கு அரசன், நியமராஜா என்னும் தெய்வம். மலையும் அவனுடையது, சட்டமும் அவனுடையது. மனிதர்கள் அங்கே குடிகள் மட்டுமே. உச்சிக்காட்டை வெட்டக் கூடாது. ஓர் அரசியல் சாசனத்துக்கு இது போதாதா?

கேள்வி: உச்சியில் பாக்சைட் சும்மாதானே கிடக்கிறது? (ஓசூர் வாசகர்)

சும்மா கிடக்கவில்லை. மழைநீரைப் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைகளுக்கு விடுவது அந்தப் பாக்சைட் அடுக்குதான். வம்சதாரா ஆற்றுக்கும் அந்த மலைநீர் போகிறது. அந்தப் பாக்சைட்டை வெட்ட அனுமதி கிடைக்கும் முன்பே அடிவாரத்து லாஞ்சிகரில் அலுமினா ஆலையைக் கட்டிவிட்டது வேதாந்தா நிறுவனம். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

கேள்வி: 12 கிராமங்கள் சேர்ந்து நாட்டின் வளர்ச்சியைத் தடுக்கலாமா? (திருச்சி வாசகர்)

அந்த 12 கிராமங்களைத் தேர்ந்தெடுத்ததே மாநில அரசு. சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளிடம் கேளுங்கள் என 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாவட்ட நீதிபதி முன்னிலையில் சபைகள் கூடின. பன்னிரண்டும் 'வேண்டாம்' என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்தது. நமக்குப் பிடித்த பதில் வந்தால் மட்டும்தான் அது ஜனநாயகமா?

கேள்வி: அந்தப் பழங்குடிகளுக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுத்தது யார்? (வேலூர் வாசகி)

ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டாவைக் கேளுங்கள். 1928 ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர். ஆதிவாசிகளுக்கு ஜனநாயகம் கற்பிக்க முடியாது, நீங்கள்தான் அவர்களிடம் கற்க வேண்டும் என்று 1946 டிசம்பரிலேயே அரசியல் நிர்ணய சபையில் சொல்லிவிட்டார்.

கேள்வி: வெள்ளைக்காரன் போய் எவ்வளவு காலம் ஆச்சு! காட்டு விஷயத்தில் இன்னும் ஏன் காலனியம் என்கிறீர்கள்? (மதுரை வாசகர்)

அவன் போனான், அவனுடைய வனச் சட்டம் போகவில்லை. 1878-ஆம் ஆண்டு வனச் சட்டத்தால் காடுகள் அரசுச் சொத்தாக, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள். 1927-ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. இது வரலாற்று அநீதி என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது 2006-இன் வன உரிமைச் சட்டம். அதற்கு நமக்கு 59 ஆண்டுகள் பிடித்தன. நியமகிரித் தீர்ப்பு இந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது. சட்டத்தை ஒருவர் தளர்த்தினால் தீர்ப்பும் ஆடும்.

கேள்வி: அப்படியானால் மலை தப்பித்துவிட்டதா? (நாகர்கோவில் வாசகி)

இதுவரை. 2016-இல் மாநிலச் சுரங்கக் கழகம் மறுபடி நீதிமன்றம் போனது, மனு தள்ளுபடி ஆனது. ஆலை இன்னும் அடிவாரத்தில்தான் இருக்கிறது.