கையும் வயதுமாக

நெற்றிக்கு போடாக்ஸ், கன்னத்துக்கு ஃபில்லர் என்று செலவழித்து முகத்தை நாற்பதிலேயே நிறுத்திவிடலாம். காபிக் கோப்பையை எடுக்கக் கை நீளும்போதுதான் வம்பு. நரம்பு புடைத்த அறுபது வயது மேசைமேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. புறங்கைத் தோலுக்கடியில் கொழுப்பு எப்போதுமே கொஞ்சம்தான். வயதாக ஆக அதுவும் வற்றிவிடுகிறது.

இதற்கும் ஊசி உண்டு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-இல் ரேடியஸ் என்ற ஃபில்லரைப் புறங்கைக்கு அனுமதித்தது. அதில் இருப்பது கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட், அதாவது எலும்பில் உள்ள அதே வகைத் தாது. எலும்பு தெரிகிறதே என்று வருந்துகிறவருக்கு எலும்புச் சரக்கையே ஏற்றி மறைக்கிறார்கள்! புறங்கையில் விழும் பழுப்புப் புள்ளிகளுக்கு லேசர் தனி, பில்லும் தனி. ஏற்றிய சரக்கையும் உடம்பு மெல்லக் கரைத்துவிடும். மறுபடி போய் நிற்கவேண்டும்.

புள்ளிகளுக்கு முக்கியக் காரணம் வெயில். ஆனால் சன்ஸ்கிரீனை முகத்தில் அப்பிய கையோடு, பிசுபிசுக்கிறதென்று கையைக் கழுவிவிடுவதுதானே நம் வழக்கம்!

இளமை திரும்பிய கையால் முதலில் நீட்டவேண்டியது கிரெடிட் கார்டை. காசாளரோ கையைப் பார்ப்பதில்லை, கார்டைத்தான் பார்க்கிறார்.