கரக் சிங்கைத் தூங்கவிடாதவர்கள்

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர் இருந்தார். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் போலீஸ் பிடித்தது. சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டது. விட்டது என்றா சொன்னேன்? தப்பு. கொள்ளையடித்ததற்கு ஆதாரம் கிடைக்காவிட்டால் என்ன, அடிக்கக்கூடிய ஆள்தானே என்று அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு ஒன்றைத் திறந்தார்கள். நம் நாட்டில் சாமானியன் சரித்திரத்தில் ஏறுவதற்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. நடு ராத்திரியில் கதவு தடதடக்கும். ஊர்ச் சவுக்கிதார் வாசலில் நின்று கத்துவார். சில நாள் கான்ஸ்டபிளும் வருவார். எழுப்பி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், "ஊரில்தான் இருக்கிறேன்" என்று சொல்லவைப்பார்கள். வீட்டில் படுத்திருக்கிறவன் வீட்டில்தான் இருக்கிறானா என்று பார்க்க அவனையே வீட்டைவிட்டுக் கிளப்பவேண்டியிருந்தது. லொகேஷன் இல்லாத காலம், பாவம். பக்கத்து ஊருக்குப் போவதென்றால் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று ஒப்பித்துவிட்டுப் போகவேண்டும். அவர் போய்ச் சேருகிற ஊரின் ஸ்டேஷனுக்கு இங்கிருந்து தகவல் போய்விடும். அங்கேயும் ஆள் நிற்கும். இதெல்லாம் அவரே மனுவில் சொன்னது.

ஏட்டய்யாவின் சொந்தச் சரக்கு என்று நினைக்காதீர்கள். உ.பி. போலீஸ் விதி 236 எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைத்திருந்தது. வீட்டை மறைந்திருந்து கவனிக்கலாம். இரவில் வீடு தேடிப் போகலாம். பழக்கவழக்கம், சகவாசம், வரவு, செலவு, தொழில் எல்லாம் விசாரிக்கலாம். போக்குவரத்தைக் குறித்துவைக்கலாம். இதை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். டார்ச் லைட் ஆப்பை இறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு 'அனுமதி'யை அழுத்தினீர்களே, ஏறக்குறைய அதேதான்.

கரக் சிங் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ராத்திரி வீட்டுக்குப் போகாதே, தூக்கம் மனிதனுக்கு அவசியம். மற்றபடி கவனிப்பதெல்லாம் கவனித்துக்கொள், அந்தரங்கம் என்ற உரிமையை அரசியல் சட்டம் தரவில்லை என்றது பெரும்பான்மை. சுப்பா ராவும் ஷாவும் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தடைபோட்ட அந்த ஒன்றையும் இன்று செல்போன் விடாமல் செய்கிறது: கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் வந்த சட்டை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று பதினோரு மணிக்குத் தட்டி எழுப்புகிறது. சவுக்கிதாருக்காவது அரசாங்கம் கூலி கொடுத்தது. இதற்கு நாம்தான் மாதத் தவணை கட்டுகிறோம்.

பின்னால் இந்த அந்தரங்க உரிமைக்கு உயிர் கொடுத்தது யார் தெரியுமா? காந்தியவாதியோ கவிஞரோ இல்லை, ஆட்டோ சங்கர். தூக்குத் தண்டனைக் கைதியான அவர் சிறையில் 300 பக்கத்துக்குத் தன் கதையை எழுதினார், அதில் பெரிய அதிகாரிகளின் சகவாசமெல்லாம் வருகிறது என்றது நக்கீரன் பத்திரிகை. எழுதவே இல்லை, போடாதே என்றது சிறைத்துறை. 1994-இல் சுப்ரீம் கோர்ட், பொது ஆவணங்களில் உள்ளதை அச்சிட யார் அனுமதியும் வேண்டாம், அதற்குமேல் போனால் அந்தரங்கத்தில் கைவைத்ததாகும் என்றது. 'என்னைச் சும்மா விடு' என்பதும் ஓர் உரிமைதான் என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. எங்கிருந்து எது முளைக்கும் என்று யார் கண்டது!

பிறகு ஆதார் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012-இல், 86 வயதில், அதை எதிர்த்து வழக்குப் போட்டார். அந்த வயதில் மனிதர்கள் பேரனிடம் ஓடிபி கேட்டுக்கொண்டிருப்பார்கள். அரசுத் தரப்பு அலமாரியைத் திறந்து பழைய கரக் சிங்கைத் தூசி தட்டி எடுத்து நீட்டியது: பாருங்கள், அந்தரங்கம் உரிமையே இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் உரிமைதான் என்றார்கள். 547 பக்கம். அதில் ஒரு குடும்பக் கதையும் உண்டு. நெருக்கடி நிலையில் உயிர்வாழும் உரிமைக்குக்கூடக் கோர்ட் வாசலை மிதிக்க முடியாது என்று 1976-இல் சொன்னவர்களில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். அதைத் தப்பென்று அடித்து எழுதியவர் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட். அப்பாவுக்குத் திவசம் கொடுப்பதில் இப்படியும் ஒரு முறை.

உரிமை வந்துவிட்டது, சட்டம்? அதற்கும் ஆறு வருடம் ஆனது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் விவரங்களைக் கோட்டைவிடும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம். அந்தப் பணம் விவரம் பறிபோனவருக்கு வராது, அரசுக் கஜானாவுக்குப் போகும். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி அரசு தன் அமைப்புகளில் எதற்கு வேண்டுமானாலும் விலக்குத் தரலாம். அதே சட்டத்தில் நமக்கும் ஓர் அபராதம் வைத்திருக்கிறார்கள்: பொய்யாகவோ அற்பமாகவோ புகார் கொடுத்தால் 10,000 ரூபாய்வரை.