மெ, தெ, செ மனிதர்

சாலமாங்காவில் எந்த ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தாலும் உங்களுக்கு முன்பே அவர் வந்து உட்கார்ந்திருப்பார். ஜெர்மன்காரராக இருக்கலாம், கொரியராக இருக்கலாம், நம்ம கும்பகோணத்துக்காரராகவும் இருக்கலாம். வயது ஐம்பதுக்கு மேல். மூன்று நிறப் பேனா, லாமினேட் செய்த வினை அட்டவணை. நெப்ரிஹாவின் ஸ்பானிய இலக்கணம் 1492-இல் அச்சான ஊர் இது. அந்த நெப்ரிஹாவே வந்து பாடம் எடுத்தாலும் இவரிடம் இரண்டு சந்தேகம் பாக்கியிருக்கும்.

இவருக்கு உயிர், தற்சுட்டு வினைகள். குழந்தையைக் குளிப்பாட்டினால் சாதாரண வினை. நானே குளித்தால் முன்னால் ஒரு 'மெ' வேண்டும். 'கழுவு', 'கழுவிக்கொள்' என்று பேசிப் பழகிய நமக்கு இது அதிசயமில்லை. ஆனால் நம் 'கொள்' யாராயிருந்தாலும் வினைக்குப் பின்னால் அடக்கமாக வரும். ஸ்பானிஷ்காரன் ஆளுக்கொரு வேஷம் போட்டுவிட்டான்: எனக்கு மெ, உனக்கு தெ, அவனுக்கு செ, நமக்கு நோஸ், உங்களுக்கு ஓஸ், அவர்களுக்கு மறுபடியும் செ. செய்யச் சொல்லும் கட்டளை என்று வந்துவிட்டால் முன்னால் நின்றது ஓடிப்போய் வாலில் ஒட்டிக்கொள்ளும்: 'லெவாந்தாத்தெ', எழுந்திரு!

இதை அவர் உட்கார்ந்து ஒப்பிப்பதில்லை, அபிநயம் உண்டு. 'மெ லாவோ', கழுவிக்கொள்கிறேன், என்று தன் மார்பைத் தட்டுவார். 'தெ லாவாஸ்' என்று பக்கத்து நாற்காலிக்காரரைப் பேனாவால் குத்துவார். 'செ லாவா'வுக்கு ஜன்னலுக்கு வெளியே போகிற தபால்காரர் மாட்டுவார். 'ஓஸ் லாவாய்ஸ்' வரும்போது கையை விரித்து வகுப்பு மொத்தத்தையும் கழுவி எடுப்பார். மெக்ஸிகோவில் படித்த யாராவது "அங்கே ஓஸ் கிடையாது, அதற்கும் செதான்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

தெரியாத்தனமாக "காலையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுவிடக் கூடாது. கண்விழித்தது, எழுந்தது, குளித்தது, சவரம் செய்துகொண்டது, உடுத்திக்கொண்டது என்று ஐந்து தற்சுட்டு வினைகளும் வரிசையாக வரும். குளிக்காத நாளிலும் 'மெ துச்சோ' உண்டு. பட்டியலில் ஓட்டை விழக் கூடாதே!

சாயங்காலம் மதுக்கடையில் பாடம் தொடரும். "கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்று கடைக்காரர் கேட்டார். "இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் மெ கன்ஸே" என்றார் நம்மவர். கல்யாணம் செய்துகொண்டேன் என்பதற்கு 'மெ கஸே'. இடையில் ஒரு 'ன்' புகுந்தால் 'களைத்துப்போனேன்'. கடைக்காரர் முகத்தில் சலனமே இல்லை. "நானும்தான்" என்று இன்னொரு கோப்பை ஊற்றினார்.

கடை மூடும் நேரத்தில் அதே கடைக்காரர் "ஈரோஸ்!" என்றார். கிளம்புங்கள் என்று அர்த்தம். இவர் கிளம்பவில்லை. "அது ஈதோஸ்" என்று திருத்தினார். துரத்துகிறவனுக்கே எப்படித் துரத்துவது என்று வகுப்பு! ஈதோஸ் ஊரில் யார் வாயிலும் வருவதில்லை என்று பார்த்த ஸ்பானிய மொழி அகாதெமி, 2017-இல் ஈரோஸும் செல்லும் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. அகாதெமி இறங்கி வந்தது. இவர் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. ஷட்டர்தான் பாதி இறங்கியது.

அந்த அவசரத்தில் முழங்கை பட்டுக் கோப்பை சிதறியது. எழுந்து நின்று, இலக்கணம் பிசகாமல், "கோப்பையை நான் உடைத்துவிட்டேன்" என்றார், கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போல. கடைக்காரர் துடைப்பத்தோடு வந்தார்.

"நீங்க எங்கே உடைச்சீங்க? செ தெ ஆ கயீதோ. அதுவா விழுந்துடுச்சு உங்களுக்கு."

நம்மவர் அசந்துபோனார். இருபத்தைந்து வாரமாக எல்லாவற்றையும் தனக்குத் தானே செய்துகொண்டிருந்தவருக்கு, அதே சின்ன 'செ' பழியை நைசாகக் கோப்பை தலையில் கட்டும் என்று எந்த அட்டவணையும் சொல்லவில்லை. 'கை தவறிடுச்சு' என்று நாம் கைமேல் போடுகிறோமே, அதே வித்தை.

மறுநாள் ஆசிரியை வீட்டுப்பாடம் கேட்டார். அவர் எழுந்தார். மார்பைத் தட்டவில்லை, கையை மட்டும் லேசாக விரித்தார்.

"செ மெ ஆ ஓல்விதாதோ." அதுவா எனக்கு மறந்துபோச்சு.

வீட்டுப்பாடத்துக்குப் பூஜ்யம். வாக்கியத்துக்கு முழு மதிப்பெண்.